வாங்காத துவக்கில் சிக்கிய கள்ளன்

அத்தியாயம் 7

“இண்டைக்கு மத்தியானம் ஒரு மணிக்குள்ள கள்ளனைப் பிடிப்பன். துவக்கு வாங்க மாட்டன். வெடி வைக்க மாட்டன். ஒரு விரலால கூடத் தொட மாட்டன். கள்ளன் தானா நடந்து வந்து உம்மட பஸ்ஸில ஏறி, ஜன்னல் கரையில இருப்பான். எழுதி வையும், பிள்ளை.”

துப்பறிவாளர் அருளம்பலம் இதைச் சொன்னபோது அவர் வாய்க்குள் பாதி மீன் ரோல்ஸ் இருந்தது. மிச்சப் பாதியை அவர் செங்கோல் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார்.

உதவியாளர் செலீன் எழுதி வைக்கவில்லை. அவரோடு வேலை செய்த நாலு வருஷத்தில் அருளம்பலம் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால், மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் கடதாசித் தட்டுப்பாடு வந்திருக்கும்.

“அண்ணை, போன மாசம் நிரஞ்சனி அக்காவின்ர சங்கிலியை வாசத்தாலயே கண்டுபிடிக்கிறன் எண்டீங்கள். கடைசியில அது உங்கட கோட்டுப் பைக்குள்ள கிடந்தது.”

“பாத்தீரோ, வாசம் எவ்வளவு கிட்டவாக வந்ததெண்டு!”

அருளம்பலத்தின் துப்பறியும் கந்தோர் என்பது செயின்ட்-மிஷேலில் டெப்பனர் என்கிற மூலைப் பலசரக்குக் கடைக்குள், பால் பிரிட்ஜுக்கும் லொத்தர் மெஷினுக்கும் இடையில் கிடந்த ஒரு மேசை. முப்பது வருஷம் மெட்ரோவில் டிக்கெட் கூண்டுக்குள் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு கோடிப் பேரைப் பார்த்ததாகவும், அதில் மூன்று கோடிப் பேரின் மூக்கு இன்னும் ஞாபகம் இருப்பதாகவும் சொல்வார்.

செலீனுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வேலை. காலையில் பிள்ளைகளை இறக்கினால் பிறகு இரண்டு மணிக்குத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே மொன்றியல் நகரத்தின் துப்பறியும் வேலை முழுவதும் ஒன்பதுக்குத் தொடங்கி இரண்டுக்குள் முடிந்தாக வேண்டும். வாகனமும் அதே மஞ்சள் பஸ்தான். மறைந்திருந்து வேவு பார்க்க அதைவிட மோசமான வாகனம் உலகத்திலேயே கிடையாது. தீயணைப்பு வண்டிகூட அதற்கு அடுத்த இடம்தான்.

அன்றைய கட்சிக்காரர் சிவநேசம் பஸ்ஸின் மூன்றாவது சீட்டில், எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்த இடத்தில், முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் வீடு. புதுக் கறுப்புக் கார். முகத்தில் பதினெட்டு நாள் தாடி.

“பதினெட்டு நாள், அண்ணை. அனேகமா ஒவ்வொரு நாளும் பகல் பன்னிரண்டுக்குக் கிட்டவா ஆரோ வந்து என்ர கார்க் கதவுக்கு அடிக்கிறான். நிலவறை ஜன்னலில டொக் டொக். வெள்ளிக்கிழமை அந்தக் கண்ணாடி வெடிச்சே போச்சு. ஓடிப் போய்ப் பாத்தா ஒருத்தரும் இல்லை. கமரா பூட்டினன். அதிலயும் ஒருத்தரும் இல்லை.”

“என்ன களவு போனது?” என்று கேட்டாள் செலீன்.

“ஒண்டும் போகேல்ல.”

“அப்ப ஏன் கள்ளன் எண்டுறியள்?”

“களவெடுக்காத கள்ளன்தான் ஆபத்தானவன், தங்கச்சி. அவன் இன்னும் முடிவெடுக்கேல்ல!”

சிவநேசம் முடிவெடுத்துவிட்டார். மான் வேட்டைக்கென்று போன வருஷமே படித்து, பரீட்சை எழுதி, துவக்கு வைத்திருக்க லைசென்ஸ் எடுத்தவர். அந்தப் படிவத்தில் மனைவி அஜந்தாவும் கையெழுத்துப் போட்டிருந்தார், மான் இறைச்சிப் பிரட்டலை நினைத்து. இப்போது கதை மாறிவிட்டது. வேட்டைக்கும் ஆக வேண்டும், வீட்டுக் காவலுக்கும் ஆக வேண்டும், அப்படி, பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற ஒரு லீவர் துவக்கு இன்றைக்கே வேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அஜந்தாவும் ஒற்றைக்காலில் நின்றார். “காட்டுக்குத் துவக்கு எண்டா சரி. வீட்டுக் காவலுக்கு எண்டு துவக்கு வருகிற வீட்டில நான் இருக்க மாட்டன்” என்று இரண்டு சூட்கேஸ் கட்டி, ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டுவிட்டார். தம்பி பாதி வழியில் கிங்ஸ்டனைத் தாண்டிவிட்டார். ஒரு மணிக்கு வாசலில் நிற்பார்.

“அதுக்குள்ள கள்ளன் ஆரெண்டு காட்டினா துவக்கு வேண்டாம், அவ போக மாட்டா. காட்டாட்டி நான் துவக்கு வாங்குவன், அவ போவா. முப்பத்தொரு வருஷம், அண்ணை.” சிவநேசம் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். “எனக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது.”

“முதல்ல கடைக்கு விடும் பிள்ளை,” என்றார் அருளம்பலம்.

“கடைக்கோ? துவக்கு வாங்க மாட்டன் எண்டீங்களே?”

“வாங்கத்தான் மாட்டன். பாக்க மாட்டன் எண்டு சொன்னனானோ?”

லாசாலில் இருந்த அந்த வேட்டைச் சாமான் கடைத் துவக்குகளை ஒன்றின் பின்னால் ஒன்றாக அடுக்கினால் ரொறொன்ரோ போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம். கல்லாவுக்குப் பின்னால் நின்றவர் அல்போன்சம்மா. எழுபத்தொரு வயது, கழுத்தில் செபமாலை, மூக்கு நுனியில் கண்ணாடி. இருபத்தாறு வருஷமாகக் கியூபெக் வேட்டைக்காரர்கள் அந்த அம்மாவைக் கேட்காமல் ஒரு தோட்டா வாங்கியதில்லை. கரடிகளும் அவரிடம் ஆலோசனை கேட்பதாக ஒரு பேச்சு உண்டு.

“பொன்ஜூர், வாங்கோ, இருங்கோ. லீவர் துவக்கோ? எந்த அளவு?” என்று பச்சைத் துணியை விரித்து, அதன் மேல் துவக்குகளைக் கூறைச் சேலை மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

“பெரிசு,” என்றார் சிவநேசம்.

“பெரிசெண்டா இந்தா, நாற்பத்தைந்து-எழுபது. மூஸ் எண்ட பெரிய மானுக்கும் கரடிக்கும். வெடி வைச்சா அது முன்னால விழும், நீர் பின்னால விழுவீர். வீட்டுக்குள்ள வைச்சீரோ, உம்மட சுவரால போய், பக்கத்து வீட்டுச் சுவரால போய், அவையின்ர பிரிட்ஜால போய், உள்ளுக்குள்ள இருக்கிற மீன்குழம்புக்கும் காயம்.”

“சின்னன்?”

“முன்னூற்று ஐம்பத்தேழு. உதைப்பு இல்லை. கிட்ட நிக்கிற சாமானுக்குச் சரி. தூரத்தில நிக்கிற மான் உம்மைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகும்.”

“நடுவில?”

“முப்பது-முப்பது.” அல்போன்சம்மா அந்தத் துவக்கைத் தடவினார். “நூறு வருஷத்துக்கு மேல இந்தக் காடுகளில மான் விழுத்துறது இதுதான். நூற்றைம்பது மீற்றருக்குள்ள நம்பலாம். தோளுக்கும் நோகாது. முதல் துவக்கு எண்டா, தம்பி, நான் இதைத்தான் கட்டி வைப்பன்.”

செலீன் ஒரு தோட்டாவை எடுத்துப் பார்த்தாள். “ஏன் இதின்ர மூக்கு சப்பையா இருக்கு? பிறக்கேக்கையே விழுந்திட்டுதோ?”

“லீவர் துவக்கில தோட்டாக்கள் குழாய்க்குள்ள வரிசையா நிக்கும், மகள். ஒண்டின்ர மூக்கு முன்னுக்கு நிக்கிறதின்ர பின்பக்கத்தில முட்டும். மூக்குக் கூரா இருந்தா, துவக்கு உதைக்கேக்க முன்னுக்கு நிக்கிறவர் வெடிச்சிடுவார்.”

“எங்கட கல்யாண வீட்டுச் சாப்பாட்டு வரிசை மாதிரி.”

“வீட்டுக் காவல்?” என்று சிவநேசம் விடவில்லை.

அல்போன்சம்மா கண்ணாடியைக் கழற்றினார். “தம்பி, இந்த நாட்டில துவக்கைத் தோட்டா இல்லாமல் பூட்டி வைக்க வேணும். தோட்டாவையும் பூட்டி வைக்க வேணும். கள்ளன் வந்தா நீர் என்ன சொல்லுவீர்? ‘ஐயா, கொஞ்சம் இருங்கோ, திறப்புக் கொத்து மனிசியின்ர கைப்பையில, கண்ணாடி மேல் மாடியில, நீங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருங்கோ’ எண்டோ? நீர் முதல் தோட்டா போடுறதுக்குள்ள அவன் உம்மட வீட்டில புட்டு அவிச்சுச் சாப்பிட்டிட்டுப் போயிடுவான். காவலுக்கெண்டு கேட்டா நான் ஒண்டும் தர மாட்டன். வேட்டைக்கெண்டா எதைச் சுடப் போறீர் எண்டு சொல்லும். அளவு தெரியாமல் நான் சட்டையும் விக்கிறதில்லை.”

அருளம்பலத்தின் காது நிமிர்ந்தது. செலீன் அதைக் கண்ணால் கண்டாள். அவருடைய காது உண்மையிலேயே நிமிரும். அது ஒன்றுதான் அவர் சொன்னதில் அவள் நம்பிய விஷயம்.

“நல்ல கேள்வி! சிவநேசம், அம்மா கேக்கிறதுக்கு வடிவாப் பதில் சொல்லும். உம்மட கள்ளனை மானெண்டு நினையும்.”

“என்ன உயரம்?” அல்போன்சம்மா பென்சிலை எடுத்தார்.

சிவநேசம் தடுமாறினார். “ஆளைக் காணேல்லயே... அடி விழுந்த இடமெல்லாம் என்ர இடுப்புக்குக் கீழ.”

“மூண்டடி. கமரா எங்க பூட்டி இருக்கு?”

“ஆளின்ர முகம் தெரியவேணுமெண்டு ஆறடி உயரத்தில, நேர் பாத்து.”

“அப்ப மூண்டடிக்காரன் கீழால போவான். நிக்கிற தூரம்?”

“காருக்கு முட்டினபடி.”

“வாற நேரம்?”

“வெயில் எறிக்கிற நேரம். மழை பெய்த நாலு நாளும் வரேல்ல.”

“நனையப் பயந்த கள்ளன்!” என்றாள் செலீன். “தலைக்குச் சாயம் அடிக்கிறவன் போல.”

“பக்கத்து வீட்டுக் காருக்கும் அடிக்கிறவனோ?” என்று கேட்டார் அல்போன்சம்மா.

“இல்லை. அது ஊத்தைக் கார். என்ர காரை நான் ஒவ்வொரு நாளும் தேங்காயெண்ணெய் போட்டு மினுக்குறனான். காயம் தெரியாமல் இருக்கவேணுமெண்டு. முகம் பாத்துத் தலை இழுக்கலாம்.”

சிவநேசம் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைக்க, அதிலிருந்து ஏதோ சிந்திப் பச்சைத் துணியில் உருண்டது. அருளம்பலம் ஒன்றை எடுத்துக் கடித்தார். “பயறு.” இன்னொன்று. “கொள்ளு.” மூன்றாவது. “எள்ளு. உளுந்து. நெல்லு.” அவர் நிமிர்ந்தார். “சிவநேசம், உமக்கு வீட்டில சோறு போடுறேல்லயோ, இல்லாட்டி நீர் புறாவோ?”

“வாசல்ல நிலத்தில கிடந்தது, அண்ணை. கள்ளன்ர கைச்சாமானோ எண்டு பொறுக்கி வைச்சனான்.”

அல்போன்சம்மா பென்சிலைக் கீழே வைத்தார். அருளம்பலத்தைப் பார்த்தார். அருளம்பலம் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எந்த அளவுக்கென்றால், சுவரில் மாட்டியிருந்த மூஸ் தலையின் கொம்பு ஆடியது.

“உதுக்கு இந்தக் கடையில இருக்கிற ஒரு லீவர் துவக்கும் சரிவராது, தம்பி,” என்றார் அல்போன்சம்மா. “துவக்கை வைச்சிட்டு வீட்டை போம். மானுக்கெண்டா ஐப்பசியில வாரும்.”

“ஆர் அது? சொல்லுங்கோவன்!” என்று கத்தினாள் செலீன்.

“பஸ்ஸை எடும் பிள்ளை,” என்றார் அருளம்பலம். “கள்ளனைத் துவக்குக் கடையில பிடிச்சாச்சு. இனிப் போய் ஏத்துறதுதான் பாக்கி.”

ஷாம்ப்ளேன் பாலத்தில் அந்த மஞ்சள் பஸ் பறந்த வேகத்தில் ஆறு பின்னால் ஓடியதாக அருளம்பலம் இன்றைக்கும் சொல்வார். பன்னிரண்டு பத்துக்குப் புரோசார்ட். சிவநேசம் வீட்டுக்கு எதிரே நிறுத்தி மூன்று பேரும் சீட்டுகளுக்குப் பின்னால் குனிந்தார்கள். வாசலில் இரண்டு சூட்கேஸ் ஏற்கெனவே வெளியே நின்றன. அஜந்தா உள்ளே கடைசிப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

முகில் விலகியது. வெயில் கறுப்புக் காரில் விழுந்து கண்ணைக் குத்தியது.

வேலிப் பற்றைக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளிப்பட்டார். கறுப்புக் கோட்டு. சிவந்த கழுத்து. நெஞ்சிலிருந்து தொங்கும் தாடி. சங்கத் தலைவர் பொன்னாடை வாங்க மேடைக்குப் போகும் நடை. காருக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, நிலத்திலிருந்து எதையோ பொறுக்கிச் சாப்பிட்டார். நிமிர்ந்தார். கார்க் கதவுக்குள்ளிருந்து தன்னைப் போலவே ஒரு சங்கத் தலைவர் தன்னை முறைப்பதைக் கண்டார். கோட்டை விரித்தார்.

டொக்! டொக்! டமார்!

“வான்கோழி!” என்றாள் செலீன்.

“காட்டு வான்கோழிச் சேவல். வைகாசியில அதுக்குத் தன்ர நிழலே எதிரி. மினுங்குகிற எதிலயும் சண்டைக்குப் போகும்,” என்றார் அருளம்பலம்.

“ஆனா ஏன் என்ர வீடு?” சிவநேசம் சீட்டுக்குக் கீழேயிருந்து முனகினார். “முழுப் புரோசார்ட்டிலயும்?”

“நவதானியம், ஐசே! கார் வாங்கின நேரம் நாவூறு கண்ணூறு படாமல் இருக்க அஜந்தா காரைச் சுத்திப் போட்டிருக்கிறா. அது சாப்பிட வந்தது, காரில தன்னைக் கண்டு அடிச்சுது. நீர் சின்னத் துவக்கு வாங்கவேணுமெண்டீர். அவ பயந்து ரெண்டு சிறங்கை போட்டிருக்கிறா. அது ரெண்டு தரம் வந்தது. நீர் நடுத்தரத் துவக்கு எண்டீர், அவ நாலு சிறங்கை. நீர் பெரிசு எண்டீர்...”

“நேற்று சுளகு நிறைய என்னத்தையோ வெளியால கொண்டு போனவ,” என்றார் சிவநேசம் பலவீனமாக. “ஆயுத தோஷம் போகவேணுமெண்டு.”

“நீர் எண்ணெய் பூசி மினுக்க, அவ தீன் போட, ரெண்டு பேருமாச் சேர்ந்து வளர்த்திருக்கிறியள். பதினெட்டு நாளில அது பன்றி அளவுக்கு வந்திட்டுது!”

நேரம் பன்னிரண்டு இருபத்தைந்து. அருளம்பலம் குனிந்து இறங்கி, வாசலில் அஜந்தா மிச்சம் வைத்திருந்த தானியச் சுளகை எடுத்தார். காரிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து பஸ் படிக்கு, படியிலிருந்து உள்ளே, கோலம் போடுகிற மாதிரி ஒற்றைக் கோடு இழுத்தார். பிறகு கும்பிட்டபடி ஒதுங்கி நின்றார்.

வான்கோழி பார்த்தது. பயறைப் பொறுக்கியது. கொள்ளைப் பொறுக்கியது. முதல் படி. இரண்டாவது படி. செலீன் மூச்சு விடவில்லை. மூன்றாவது படியில் அது அவளை ஒரு தரம் பார்த்தது, டிக்கெட் கேட்பாளோ என்று. பிறகு உள்ளே போனது.

“கதவு!” என்று கத்திக்கொண்டே அருளம்பலம் தொற்றி ஏறினார். செலீன் கதவைச் சாத்தி பஸ்ஸை எடுத்தாள்.

இரண்டாவது தெருவில் வான்கோழி டிரைவருக்கு மேலே இருந்த பெரிய கண்ணாடியைக் கண்டது. அதற்குள் இன்னொரு சங்கத் தலைவர்.

“அண்ணை! என்ர தலைக்கு மேல நிக்குது அண்ணை!”

“நிமிராதேயும், அது உம்மோட கோவம் இல்லை!”

“செட்டை என்ர வாய்க்குள்ள போகுது!”

அருளம்பலம் தன் கோட்டைக் கழற்றிக் கண்ணாடியில் போர்த்தினார். எதிரி மறைந்தான். வான்கோழி வெற்றிக் களிப்போடு நடந்து போய், நாலாவது சீட்டில் ஏறி, ஜன்னல் கரையில் இருந்து, புரோசார்ட் கடைத்தெருவை வேடிக்கை பார்த்தது. ஒரு சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த மனிதர் அதைப் பார்த்துவிட்டு, தன் கோப்பிக் கோப்பையை எடுத்து மணந்து பார்த்தார்.

ஆற்றங்கரைப் பற்றைக்காட்டில் கதவு திறந்ததும் அது அவசரமில்லாமல் இறங்கிப் போய்விட்டது. நன்றிக்கு ஒரு மெர்சிகூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குத் திரும்பி வந்தால், வாசலில் ஒண்டாரியோ இலக்கத் தகட்டோடு ஒரு கார். தம்பி முதல் சூட்கேஸை ஏற்றிக்கொண்டிருந்தார்.

சிவநேசம் ஓடினார். “அஜந்தா! துவக்கு வாங்கேல்ல! கள்ளன் வான்கோழி! பஸ்ஸில ஏத்திக் கொண்டு போய் விட்டிட்டம்!”

அஜந்தா கணவரை மேலும் கீழும் பார்த்தார். “பொய் சொல்லுறதெண்டாலும் ஒரு அளவு வேணும்.”

“சத்தியமா! நவதானியத்துக்கு வந்தது. வீடியோ எடுத்தனான், பார்!”

வீடியோவில் மூன்று நிமிஷத்துக்குச் சிவநேசத்தின் மூக்கு ஓட்டை மட்டும் இருந்தது; போனைத் திருப்பிப் பிடித்திருக்கிறார். வீட்டுக் கமராவில் அருளம்பலத்தின் மொட்டைத் தலை ஒன்று ஒருத்தருமில்லாத இடத்தைப் பார்த்துக் கும்பிட்டது.

“நான் சொல்லுறன் தங்கச்சி,” என்று அருளம்பலம் முன்னால் வந்தார். “ஐம்பது கிலோ! செட்டையை விரிச்சா ஷாம்ப்ளேன் பாலத்துக்குக் குடை பிடிக்கலாம்...”

“போதும் அண்ணை. உங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்.” அஜந்தா இரண்டாவது சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்தார். ஆனால் தூக்கவில்லை. “என்னை நிப்பாட்ட இவ்வளவு பெரிய கதை வேண்டாம். துவக்கு எங்கயோ பஸ்ஸுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறியள்.” பிறகு அவர் திரும்பினார். “செலீன். நீர் ஒருநாளும் உவர் சொல்லுறதை நம்பினதில்லை எண்டு முழு ஊருக்கும் தெரியும். நீர் சொல்லும். நீர் இல்லை எண்டா நான் காரில ஏறுறன். நீர் ஓம் எண்டா சூட்கேஸ் உள்ளுக்குப் போகும்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தம்பி பின்கதவைத் திறந்தபடி நின்றார். சிவநேசம் நெற்றியைத் துடைத்தார்.

செலீன் யோசித்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் வான்கோழி ஏற்றினேன் என்று வாயால் சொன்னால் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது. அதைவிடப் பெரிய ஆபத்து பக்கத்திலேயே நின்றது: அருளம்பலம். கையைப் பின்னால் கட்டி, வானத்தைப் பார்த்து, ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. இன்றைக்கு ஓம் என்றால் இந்த மனிதர் இனிச் சாகும்வரை இதையே சொல்வார். வருஷத்துக்கு ஒரு அடி அந்த வான்கோழி வளரும்.

அஜந்தா இன்னும் சூட்கேஸைத் தூக்கவில்லை.

செலீன் வாயிலிருந்து ஒரு சின்ன இறகைத் துப்பினாள்.

“ஓம் அக்கா,” என்றாள். “வந்தது. தானா ஏறினது. ஜன்னல் கரையில இருந்தது. உவர் சொன்ன மாதிரியே நடந்தது.”